ஓடையை அளந்த ஆமை

குழந்தைகளே, ஒரு காட்டில் இரண்டு மலைச்சரிவுகளுக்கு நடுவே ஓர் ஓடை ஓடியது. அதன் கரையில் ஓர் ஆமை இருந்தது. அமாவாசைதோறும் தண்ணீர் எந்த மட்டத்தில் நிற்கிறதோ, அங்கே பாறையில் நகத்தால் ஒரு கோடு கீறும். முப்பது வருடமாக ஒரு மாதம்கூடத் தவறியதில்லை. ஆமை சொன்னால் சரியாக இருக்கும் என்று காடே நம்பியது. அந்தப் பெயரில் ஆமைக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

ஒரு வருடம் யானைக்கூட்டம் தளிருக்கு ஆசைப்பட்டுக் கிழக்குச் சரிவின் மரங்களையெல்லாம் சாய்த்துவிட்டது. அடுத்து வந்த மழைக்கு ஓடை கரைபுரண்டது.

"மரங்கள் குடித்த தண்ணீரெல்லாம் இனி நமக்குத்தான்" என்று தலைவன் யானை பெருமையடித்துக்கொண்டது. மற்ற விலங்குகளும் தலையாட்டின.

ஆமை மட்டும் பாறையையே பார்த்துக்கொண்டிருந்தது. மழைக்காலக் கோடு ஏறியிருந்தது உண்மைதான். ஆனால் அதன்பின் வந்த கோடையில் கோடு வழக்கத்தைவிடக் கீழே போனது. அடுத்த கோடையில் இன்னும் கீழே. அதற்கடுத்த கோடையிலும் அப்படியே.

அந்த வருடம் மேற்குச் சரிவின் மரங்களையும் சாய்க்கலாமா என்று விலங்குகள் கூடிப் பேசின. கரையோர வளையில் மூன்று குட்டிகளோடு இருந்த நீர்நாய்க்குத்தான் பயம். அது ஆமையிடம் வந்தது.

"ஆமையண்ணா, நீங்கள்தானே அளக்கிறீர்கள். ஓடைக்கு ஏதாவது ஆகுமா?"

ஆமைக்குப் பதில் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. மழை ஒரு வருடமும் குறையவில்லை, மரங்கள் போனதால்தான் கோடையில் ஓடை வற்றுகிறது என்பதும் அதற்குத் தெரியும். ஆனாலும், சொல்லி அது தப்பாகப் போனால் முப்பது வருடப் பெயர் என்ன ஆவது?

"இன்னும் இரண்டு கோடை பார்த்துவிட்டுச் சொல்கிறேன், தங்கச்சி" என்றது.

"சாய்க்க வேண்டாம் என்று ஆமைகூடச் சொல்லவில்லையே" என்று, அதைக் கேட்டுக்கொண்டிருந்த யானை புறப்பட்டது. சில நாட்களில் மேற்குச் சரிவும் மொட்டையாகிவிட்டது.

அந்த மழையில் வெள்ளம் மண்ணை வாரிக்கொண்டு போனது. பங்குனி பிறப்பதற்குள் ஓடை வறண்டது. மீன்கள் செத்தன. நீர்நாயின் குட்டிகளில் இரண்டு பசியிலேயே இறந்துபோயின. மிஞ்சிய ஒன்றோடு காட்டை விட்டுக் கிளம்பிய நீர்நாய், ஆமையின் முன்னால் வந்து நின்றது.

"நான் கேட்ட அன்றைக்கே உங்களுக்குத் தெரியுமா, அண்ணா?"

"தெரியும்."

நீர்நாய் குட்டியைக் கவ்விக்கொண்டு நடந்தது. அது கண்ணுக்கு மறையும்வரை ஆமை பார்த்துக்கொண்டே இருந்தது.

நீதி: எத்தனை வருடம் பொறுமையாக அளந்து அறிந்த உண்மையானாலும், வேண்டிய வேளையில் சொல்லாவிட்டால் அது யாரையும் காப்பாற்றாது.