வெளுக்கப் போட்ட தலைப்பாகைகள்

முன்னொரு காலத்துல குன்றைநாட்டை பூபாலவர்மன்னு ஒரு ராஜா ஆண்டுக்கிட்டிருந்தாருங்க. நல்ல மனுஷர்தான். ஆனா ஒண்ணு புத்தியில ஏறிட்டா இறங்காது. பிடிச்ச முயலுக்கு மூணே கால்!

பக்கத்து நாட்டோட நடந்த சண்டையில ஜெயிச்சது அவருக்குப் பெரிய பெருமை. அது வெட்டவெளிச் சண்டை. சங்கு ஊதினா இந்தப் பக்கம் நாம, அந்தப் பக்கம் அவங்க. எதிரியை வீழ்த்தினவன் அவன் தலைப்பாகையை அவிழ்த்துக் கொண்டாந்து ராஜா முன்னால போடணும். நிறையப் போட்டவனுக்குக் காலுக்குப் பொற்கழல்.

அப்புறம் மலைப்பாதையில கொள்ளைக்கூட்டம் புகுந்துச்சு. அங்கே சங்கும் இல்லை, களமும் இல்லை. மரத்துக்குப் பின்னால இருந்து அம்பு வரும். திரும்பிப் பார்த்தா வெறும் காடு. நம்ம ராஜா அதுக்கும் பழைய கணக்கையே சொல்லிட்டார்: "தலைப்பாகை கொண்டு வாங்க!"

மலைக்குத் தெற்கே போனவன் கொற்றன், சின்னப் படைத்தலைவன். வடக்கே போனவர் சேனாதிபதி மாவலியர். கொற்றனைக் கண்டாலே அவருக்கு வயித்தெரிச்சல்.

மழைக்காலம் முடிஞ்சு ரெண்டு பேரும் சபைக்கு வந்தாங்க. மாவலியர் ஒரு வண்டி தலைப்பாகையைக் கொட்டினார். கொற்றன் வந்ததோ வெறுங்கையோட.

"என்னடா, அங்கே போய்த் தூங்கினியா?"ன்னார் ராஜா.

"இல்லை மகாராஜா. எங்க பக்கம் போன உப்பு வண்டி ஒண்ணுகூடக் கொள்ளை போகலை. அந்தக் கூட்டம் தலைப்பாகை கட்டுறதே கிடையாது."

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்!" மாவலியர் சிரிச்சார். "கோழைக்குத் தலை எதுக்கு மகாராஜா?"

"சரிதான். வெற்றி விழா அன்னைக்கே இவனுக்குச் சிரச்சேதம்! அதுவரைக்கும் சிறையில போடுங்க!"ன்னார் ராஜா.

மந்திரி அம்பலத்தார் குவியல்ல இருந்து ஒண்ணை எடுத்து, ஓரத்தைத் திருப்பிப் பார்த்தார். முகம் செத்துப் போச்சு. ஆனாலும் சிரிச்ச மாதிரியே சொன்னார்: "மகாராஜா, விழாவுக்கு இதையெல்லாம் கோட்டை வாசல்ல தோரணமாக் கட்டணும். ரத்தக்கறையோடவா கட்டுறது? வெளுக்கப் போடுவோம்."

"பலே!"ன்னார் ராஜா.

விழா நாளும் வந்துச்சு. கோட்டை வாசல் மொட்டையா நிக்குது.

"தோரணம் எங்கேய்யா?"

"வெளுத்ததும் அவங்கவங்க வீட்டுல கொடுக்கச் சொல்லிட்டேன் மகாராஜா."

"எதிரி வீட்டுலயா?"

"துணி ஓரத்துல வண்ணார் போடுற சேங்கொட்டைக் குறி இருக்குமே, அதைப் பார்த்துத்தான் கொடுத்தாங்க. எல்லாம் நம்ம வடக்கு ஊர்களோட குறி."

அவர் சொல்லி முடிக்கலை, வாசல்ல பொம்பளைங்க ஓலம். ஒருத்தி மடிச்ச தலைப்பாகையோட உள்ளே வந்தா. "சாமி, என் வீட்டுக்காரர் உப்பு வண்டி ஓட்டிக்கிட்டு மலைப்பக்கம் போனார். வர நாளாகும்னு சும்மா இருந்துட்டேன். துணி வெளுத்து வந்திடுச்சு. அவரு எங்கே சாமி?"



மாவலியர் பொத்துனு விழுந்தார். "எதிரி கண்ணுலயே படலை மகாராஜா! நீங்க தலைப்பாகைதானே கேட்டீங்க? வெறுங்கையோட வந்தவன் கதி என்னன்னு எனக்குத் தெரியாதா?"

அவருக்கு விலங்கு மாட்டினாங்க. கொற்றனைச் சிறையில இருந்து கூட்டிவந்து, ராஜாவே பொற்கழலைக் கட்டிவிட்டார். அப்புறம் தன் முத்துமாலையைக் கழற்றி மந்திரிகிட்ட நீட்டினார். "உங்க புத்தி ஒரு உயிரைக் காப்பாத்திடுச்சு."

அம்பலத்தார் கை நீட்டலை. "மலைக்கும் தலைப்பாகைக் கணக்கையே நீங்க சொன்னப்போ நானும் பக்கத்துலதான் நின்னேன் மகாராஜா. தப்புன்னு தெரிஞ்சும் வாய் திறக்கலை. அன்னைக்குப் புத்தியைக் காட்டியிருந்தா இதை வாங்கியிருப்பேன்."

ராஜா மாலையைக் கீழே வச்சார். சிம்மாசனத்தை விட்டு இறங்கி அந்தப் பொம்பளைகிட்ட நடந்து போனார். அவ கேட்டதுக்கு என்ன பதில் சொல்றதுன்னுதான் அவருக்குத் தெரியலை.