ஆறு கதவுக் கோழிக்கூடு

"எனக்குத் தனி அறை வேணும்மா. இல்லேன்னா நான் ஊருக்குக் கிளம்பறேன்."

தாமோதரன் இதைச் சொன்னபோது குரு முற்றத்தில் கோழிகளுக்குக் கம்பு இறைத்துக்கொண்டிருந்தார்.

கொடைக்கானலுக்கும் மேலே, பைன் காட்டை ஒட்டிய சின்ன ஆசிரமம் அது. குரு திலகவதிக்கு நாற்பது வயது. எல்லாருக்கும் அவர் அம்மா. தாமோதரனுக்கு அறுபது தாண்டிவிட்டது. திண்டுக்கல்லில் பூட்டுக்கடை வைத்திருந்தவர். கடையை மகனிடம் விட்டுவிட்டு மன அமைதி தேடி மலையேறி வந்தார். வந்த இடத்தில், பொதுக் கூடத்தில் சுடலைமுத்து என்பவருக்குப் பக்கத்தில் பாய் போட்டுக் கொடுத்தார்கள்.

"என்ன ஆச்சு அண்ணே?"

"அவரு குறட்டைம்மா. பஸ் ஓட்டின மனுசன் இல்லியா, தூக்கத்துலயும் மலையேத்துறாரு. கியர் மாத்தற சத்தம்கூடக் கேக்குது. விடிஞ்சா எனக்குப் புத்தி சொல்ல ஆரம்பிச்சிடறாரு. இதுக்கா நான் இவ்வளவு தூரம் வந்தேன்?"

குரு சிரித்துவிட்டார். தாமோதரனுக்குக் கோபம் இன்னும் ஏறியது. குரு கோழிகளைக் காட்டினார்.

"மார்கழி வந்தாச்சு. உறைபனி விழப்போகுது. கோழிங்க இன்னும் ஒழுகற கொட்டகையிலதான் கிடக்குதுங்க. அதுங்களுக்கு ஒரு நல்ல கூடு கட்டிக் கொடுங்க. முடிச்ச அன்னிக்கே விறகு ரூமைக் காலி பண்ணித் தரேன்."

"எப்படிக் கட்டணும்?"

"நீங்க இருக்க ஆசைப்படற மாதிரி."

தாமோதரன் எதையும் அரைகுறையாகச் செய்கிறவர் இல்லை. ஈரம் ஏறாமல் இருக்கக் கால் வைத்துத் தரையை உயர்த்தினார். வாடைக்காற்று வரும் பக்கம் பலகைகளை நெருக்கி அடித்தார். கூரைக்குக் கீழே, மூச்சின் ஈரம் வெளியே போக ஒரு சாண் விட்டு வலை கட்டினார். தரையில் உமியைக் கனமாகப் பரப்பினார்.

வேலை செய்துகொண்டே கோழிகளைப் பார்ப்பார். ஆறு பெட்டைகள். செவலைதான் அங்கே ராணி. கடைசி ஆள் சாம்பல் நிறத்துப் பெட்டை. தீனிக்கு வந்தால் கொத்து, தண்ணீருக்கு வந்தால் கொத்து. செவலை கொத்திக் கொத்தியே அதன் கழுத்தில் பாதி இறகு போய்விட்டது.

அந்தச் சாம்பல் பெட்டைமேல் தாமோதரனுக்குத் தனிப் பிரியம் வந்துவிட்டது. அதன் கஷ்டம் தனக்குத்தான் புரியும் என்று நினைத்தார்.

கூடு முடிந்ததும் குரு வந்து பார்த்தார். உமியைக் கையில் அள்ளினார். காய்ந்திருந்தது. வலையைத் தொட்டுப் பார்த்தார். உறுதியாக இருந்தது.

"அருமையான வேலை. கதவு ஏன் ஆறு?"

"ஆளுக்கு ஒரு அறைம்மா. நடுவுல பலகைத் தடுப்பு, தனித்தனித் தாழ்ப்பாள். இனிமே செவலை யாரையும் கொத்த முடியாது."

குரு ஒவ்வொரு தாழ்ப்பாளாகத் தொட்டுப் பார்த்தார். பிறகு இடுப்பிலிருந்து விறகு ரூம் சாவியை எடுத்துக் கொடுத்தார்.

அன்று இரவு உறைபனி விழுந்தது.

காலையில் புல்லெல்லாம் வெள்ளை. தாமோதரன் சால்வைக்குள் எதையோ அணைத்துக்கொண்டு சமையலறைக்கு ஓடிவந்தார். உள்ளே சாம்பல் பெட்டை. கண் பாதி மூடியிருந்தது. கால்கள் சில்லிட்டிருந்தன.

"அம்மா, செத்துருமா?"

குரு கோழியை வாங்கினார். அடுப்புக்குப் பக்கத்தில் சாக்கை மடித்துப் போட்டு உட்கார வைத்தார்.

"காத்து வந்துச்சா?"

"துளி வரல."

"உமி நனைஞ்சுதா?"

"இல்லம்மா."

"செவலை கொத்தினாளா?"

"எப்படிக் கொத்துவா? யாரும் அதைத் தொடக்கூட இல்ல."

சொன்னவர் அப்படியே நின்றுவிட்டார்.

குரு அடுப்பில் விறகைத் தள்ளினார்.

"நீங்க தூங்கினீங்களா?"

"சத்தமே இல்லம்மா."

"நான் அதைக் கேக்கல அண்ணே."

தாமோதரன் தன் கால்களைப் பார்த்துக்கொண்டார். இரண்டு சாக்ஸ் போட்டு, மேலே துண்டையும் சுற்றியிருந்தார். இன்னும் சூடு ஏறவில்லை. கோழிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

வெயில் ஏறியபோது சாம்பல் பெட்டை கண்ணைத் திறந்து வெதுவெதுப்பான தண்ணீர் குடித்தது. தாமோதரனுக்குக் கண் கலங்கியது. புகை என்று சொல்லிக்கொண்டார்.

பிறகு சுத்தியலை எடுத்துக்கொண்டு போனார். தடுப்புப் பலகை ஒவ்வொன்றாகக் கழன்றது. அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடி வரை கோழிகள் உட்கார ஒரே கொம்பைப் பொருத்தினார்.

பொழுது சாய்ந்தது. கோழிகள் அடைய வந்தன. செவலை ஏறி நட்டநடுவில் உட்கார்ந்தது. மற்றவை இருபுறமும் ஒட்டிக்கொண்டன. சாம்பல் பெட்டை கீழேயே நின்றது.

"ஏறு தாயி," என்றார் தாமோதரன்.

அது தாவி ஏறியது. செவலை அதன் மண்டையில் ஓங்கி ஒரு கொத்து வைத்தது.

தாமோதரனின் கை கதவுக்குப் போனது. குரு அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார்.

சாம்பல் பெட்டை கொத்தை வாங்கிக்கொண்டு தலையைத் தாழ்த்தி உள்ளே நெருக்கியது. செவலை முணுமுணுத்தது. பிறகு கொஞ்சம் நகர்ந்தது. இரண்டும் இறகை உப்பிக்கொண்டு கண்ணை மூடின.

"கொத்திட்டாளேம்மா."

"ஆமா."

"ஆனா நகர்ந்து இடமும் கொடுத்துட்டா."

தாமோதரன் சிரித்தார். மலைக்கு வந்த பிறகு அவர் வாய்விட்டுச் சிரித்தது அதுதான் முதல் தடவை. சாவியைக் குருவிடம் கொடுத்துவிட்டு, பாயையும் கம்பளியையும் சுருட்டிக்கொண்டு கூடத்துக்குப் போனார்.

சுடலைமுத்து படுக்கப்போகும் நேரம்.

"என்னவே, ரூமு பிடிக்கலையா?"

"குளிருது."

"நான் குறட்டை விடுவேனே. உமக்கு ஆகாதே."

தாமோதரன் அவர் பாயை ஒட்டித் தன் பாயை விரித்தார்.

"கொத்துங்க," என்றார். "கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டுட்டுக் கொத்துங்க."