ஓடைக்கரைப் பிணம்

நார்மன்காரர்கள் கடல் தாண்டி வந்து இங்கிலாந்தைப் பிடித்துக்கொண்ட காலம். அநாதையாகக் கிடக்கும் பிணமெல்லாம் நார்மன் பிணம் என்று சட்டம் போட்டிருந்தார்கள். இல்லை, ஆங்கிலேயன்தான் என்று ஊரார் நிரூபிக்க வேண்டும். முடியாவிட்டால் நார்மனைக் கொன்றதற்கு அபராதமாக ஊர் மாடுகளெல்லாம் பிரபுவின் பட்டிக்குப் போய்விடும்.

அப்படி ஓர் ஊரில், ஓடைக்கரையில் பிணம் ஒதுங்கியது. நார்மன்காரரான ஹாமோ பிரபு தன் நார்மன் வீரர்களோடு குதிரையில் வந்து நின்றார். கூடவே அவர் பேச்சை ஊராருக்கு மொழிபெயர்க்கும் ஆர்ட்கார். பிறப்பால் ஆங்கிலேயன், பிழைப்பால் பிரபுவின் ஆள். பிணத்தின் செம்பட்டைத் தலையைக் கண்டதும் அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

“இவன் யார்? ஏன் வாயடைத்து நிற்கிறீர்கள்?” என்றார் பிரபு.

வெளியூர்க்காரன். ஒருவருக்கும் தெரியவில்லை. பன்றி மேய்க்கும் கோடித் முன்னால் வந்தாள். பிணத்தைப் புரட்டிச் சட்டையைக் கிழித்தாள். முதுகு முழுக்கச் சாட்டைத் தழும்பு.

“எசமான், உங்கள் சாட்டை எந்த நார்மன் முதுகிலாவது விழுந்ததுண்டா? உண்டென்றால் சொல்லுங்கள், மாடுகளை இப்போதே அவிழ்த்துத் தருகிறோம்.”

ஆர்ட்கார் மென்று விழுங்கி மொழிபெயர்த்தான். பிரபுவின் வீரர்கள் அவர் முகத்தையே பார்த்தார்கள்.

“ஆங்கிலேயன்தான்” என்று முணுமுணுத்துக் குதிரையைத் திருப்பினார் பிரபு. செத்தவன் ஆங்கிலேயன் என்றால், கொன்றவன் யார் என்று கேட்கக்கூட அந்தச் சட்டத்தில் இடமில்லை.

மாடுகள் தப்பின. கோடித் ஆர்ட்காரை நிறுத்தினாள்.

“ஏன் தம்பி, கோட்டையில் யாரை அடித்தாலும் தண்டனையை நம் பேச்சில் சொல்வது நீதானே? இவனை உனக்குத் தெரியவில்லையா?”

இரண்டு மொழி தெரிந்தவனுக்கு ஒன்றிலும் பதில் வரவில்லை.