பிழைதிருத்துபவரின் கீதம்

சீடருக்கு வயது அறுபத்தொன்று. குருவுக்கு முப்பத்திரண்டு.

தேவசகாயம் திருச்சியில் ஓர் அச்சகத்தில் முப்பத்தெட்டு வருடம் பிழை திருத்தியவர். ஒற்று விட்டுப்போன ஒரு சொல்லுக்காக முழுப் பக்கத்தையும் திரும்பப் படிப்பார். ஓய்வு பெற்ற மறுமாதமே ஒரு வயலினை வாங்கிக்கொண்டு வயலின் ஆசிரியை சாருலதா வீட்டு மாடிப்படி ஏறினார்.

வலியில்லாமல் சம்மணமிட்டு உட்காரவே ஒரு மாதம் ஆயிற்று. வயலினின் தலையைக் கணுக்காலில் ஊன்றி, வில்லைக் கோணாமல் இழுக்க ஒரு வருடம். அதன்பின் ஒரு கீதம் வந்தது. பன்னிரண்டே வரி. ஆறு மாதமாகியும் அது முடிந்தபாடில்லை.

விரல் மயிரிழை தள்ளி விழுந்தாலும் வில்லை எடுத்துவிடுவார். "மன்னிக்கணும் டீச்சர்" என்பார். முதல் வரிக்குப் போய்விடுவார்.

ஒரு திங்கட்கிழமை காலை, வந்தவர் பெட்டியைத் திறக்கவில்லை.

"நான் கிளாஸை நிறுத்திக்கிறேன் டீச்சர்."

"என்ன சார் ஆச்சு?"

"வியாழக்கிழமை ஸ்டெல்லாவுக்கு இருதய ஆபரேஷன். புதன்கிழமை ஆஸ்பத்திரியில சேக்கணும்." மனைவி பேரைச் சொல்லிக்கொண்டே பெட்டியை ஓரமாகத் தள்ளினார். "அதுக்கு முன்னால இந்தப் பாட்டை ஒரு தடவை முழுசாக் கேட்டுடணுமாம். 'ஆறு மாசமா ஸ்ரீரங்கத்துக்கு டிக்கெட் எடுத்துட்டு, பாதி வழியில சத்திரம் பஸ் ஸ்டாண்டுலயே இறங்கிடுறீங்களே'ன்னு சிரிக்கிறா."

"வாசிச்சுக் காட்ட வேண்டியதுதானே?"

"தப்பும் தவறுமாவா? அவளுக்கா? மாட்டேன் டீச்சர்."

சாருலதா தன் வயலினை எடுத்துச் சுருதி சேர்த்தாள்.

"எனக்குக் கொஞ்சம் தாளம் போடுங்க சார்."

அதே கீதம். அவர் தன் தொடையில் தட்டினார். எட்டாவது வரியில் அவளுக்கு ஒரு சுரம் இடறியது. அவர் முகம் சுளித்தது. கை தட்டிக்கொண்டே போனது. கீதம் முடிந்தது.

"எட்டாவது வரியில..." என்று இழுத்தார்.

"ஆமா, ரிஷபம் தப்பிடுச்சு."

"எனக்காக வேணும்னே விட்டீங்களா?"

"அட நீங்க வேற! கை தவறிடுச்சு சார்." அவள் சிரித்தாள். "தப்பு காதுல விழுந்துச்சுல்ல? அப்புறம் ஏன் தட்டுறதை நிறுத்தல?"

"நடுவுல நிறுத்தினா உங்களை அந்தரத்துல விட்ட மாதிரி ஆயிடுமே!"

சாருலதா தன் வயலினைக் கீழே வைத்தாள்.

"இப்ப நீங்க வாசிங்க."

அவள் கை தொடையில் விழத் தொடங்கியது. வேறு வழி தெரியாமல் அவர் பெட்டியைத் திறந்தார். சுருதி சேர்த்து முடிக்கும்வரைகூட அந்தக் கை ஓயவில்லை.

இரண்டாம் வரியில் விரல் வழுக்கியது. வில் எழப் பார்த்தது. அதற்குள் அவள் கை அடுத்த தட்டுக்குப் போயிருந்தது. அவர் பின்னாலேயே ஓடினார். ஐந்தாம் வரியில் வில் கீச்சிட்டது. மன்னிப்புக் கேட்க வாய் திறந்தார், கேட்க நேரமில்லை. ஒன்பதாம் வரி அவர் கையிலிருந்து முதன்முறையாகக் கேட்டது. மழைக்குப் பிறகு வாய்க்காலில் வரும் தண்ணீர்போல, கலங்கலாக, சருகுகளோடு, ஆனால் வந்துகொண்டே இருந்தது. பன்னிரண்டாம் வரி சட்ஜத்தில் போய் உட்கார்ந்தது.

அவர் வில்லை இறக்கினார். மூச்சு நீளமாக வெளியே வந்தது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். காரணமில்லாமல் சிரிப்பு வந்தது.

"ஏழு தப்பு டீச்சர்."

"இருக்கும்."

"இந்த ஏழு தப்பையும் வச்சுக்கிட்டா அவ முன்னால போய் உட்காரச் சொல்றீங்க?"

"உட்காருங்க சார். உட்கார்ந்ததும், அவங்களைத் தாளம் போடச் சொல்லுங்க."