பால்பாண்டியின் மூன்று நிமிடம்

மதுரையில் தொழிலாளர் வழக்குகளை மட்டுமே நடத்தும் வழக்கறிஞர் பூங்கோதைக்கு ஒரு சீடர் இருந்தார். பெயர் இருதயராஜ். கண்டக்டர் வேலையை விட்டுவிட்டு ஐம்பது வயதில் கறுப்புக் கோட்டு மாட்டியவர். குருவைவிடப் பத்து வயது மூத்தவர். அதில் அவருக்குக் கூச்சமும் இல்லை, பணிவில் குறையும் இல்லை.

ஒரு மத்தியானம் முகம் தொங்கிப்போய் வந்தார். கையில் மாரீஸ்வரியின் வழக்குக் கட்டு. மாரீஸ்வரியின் கணவர் பால்பாண்டி செல்போன் செயலியில் வரும் ஆர்டர்களுக்குச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுத்தவர். சித்திரை வெயிலில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் நான்காவது மாடிக்கு ஏறும்போது படியிலேயே சரிந்து இறந்துபோனார். அங்கே லிஃப்ட் இருந்தது. டெலிவரி ஆட்கள் அதில் ஏறக் கூடாது என்று ஒட்டியிருந்தார்கள்.

நிறுவனத்தின் பதில் இரண்டு வரி. மதியம் ஒன்று நாற்பத்திரண்டுக்கே உணவு ஒப்படைக்கப்பட்டுவிட்டது. ஒன்று நாற்பத்தைந்துக்கு இறந்தபோது அவர் பணியில் இல்லை, எனவே காப்பீடு கிடையாது.

நடந்தது என்ன என்று அந்தத் தொழிலில் இருக்கும் எல்லோருக்கும் தெரியும். நேரம் தாண்டினால் மதிப்பெண் இறங்கும், அடுத்த ஆர்டர் வராது. அதனால் கீழே கேட்டிலேயே 'கொடுத்தாச்சு' என்று அமுக்கிவிட்டுத்தான் படியேறுவார்கள். பால்பாண்டியும் அப்படித்தான் அமுக்கினார்.

மாரீஸ்வரி காப்பீட்டைப் பற்றி அதிகம் பேசவில்லையாம். "வேலையில இல்லாதவரு அந்தப் படியில எதுக்குண்ணே ஏறுனாரு?" என்று மட்டும் கேட்டாராம். இதைச் சொல்லும்போதே இருதயராஜுக்குக் கண் கலங்கிவிட்டது.

"மேடம், அவரு அமுக்குனது பொய்தானே. பொய்யை வச்சுக்கிட்டு ஜட்ஜ் முன்னாடி எப்படி நிக்கிறது? அவரு வேலை எப்பத்தான் முடிஞ்சுது?"

பூங்கோதை போனை எடுத்து இரண்டு தயிர்சாதம் ஆர்டர் செய்தார். அவருடைய அலுவலகம் மூன்றாவது மாடியில் இருந்தது. லிஃப்ட் கிடையாது.

அரை மணி நேரத்தில் போன் சத்தமிட்டது. 'உங்கள் உணவு ஒப்படைக்கப்பட்டது.' பூங்கோதை அதைச் சீடரிடம் காட்டினார். இருதயராஜ் கதவைத் திறந்து பார்த்தார். யாரும் இல்லை. கீழே செருப்புச் சத்தம் மட்டும் ஏறி வந்தது. ஒரு மாடி ஏறியது. இன்னொரு மாடி. பிறகு நின்றுவிட்டது.

அவர் காத்திருந்தார். சத்தம் தொடரவில்லை. இரண்டிரண்டு படியாகத் தாவி இறங்கி ஓடினார்.

இரண்டாவது மாடித் திருப்பத்தில், பையை மடியில் வைத்தபடி ஒருவர் மூச்சு வாங்க உட்கார்ந்திருந்தார். நாற்பது வயதிருக்கும். இவரைக் கண்டதும் பதறி எழுந்தார்.

"லேட்டாயிடும்னு முன்னாடியே அமுக்கிட்டேன் சார். கம்ப்ளைன்ட் பண்ணிடாதீங்க."

இருதயராஜ் பையை வாங்கிக்கொண்டு அவரைக் கைத்தாங்கலாக மேலே கூட்டி வந்தார். பூங்கோதை மின்விசிறிக்கு அடியில் நாற்காலி போட்டுத் தண்ணீர் கொடுத்தார். பாதி குடிப்பதற்குள் அடுத்த ஆர்டர் வந்துவிட்டது என்று அவர் கிளம்பிப் போனார்.

"எதுக்குண்ணே அப்படி ஓடுனீங்க?" என்று கேட்டார் பூங்கோதை.

"சத்தம் நின்னுபோச்சு மேடம். பயந்துட்டேன்."

"அவரு வேலை முடிஞ்சுபோச்சுன்னு போன்லயே காட்டுனேனே. நீங்க ஏன் நம்பல?"

இருதயராஜ் வழக்குக் கட்டைப் பிரித்து, நிறுவனத்தின் 'ஒன்று நாற்பத்திரண்டு'க்குப் பக்கத்தில் 'சாப்பாடு இன்னும் படியில்தான் இருந்தது' என்று எழுதினார்.