தேரில் முதல் உளி

புத்தியைக் கொஞ்சம் தீட்டி வைத்துக்கொண்டு கேளுங்கள். பூவாணி என்ற ஊரில் புதுத்தேர் செய்ய ஏற்பாடானது. பழைய தேரைச் செய்தவர் சொர்ணலிங்க ஆசாரி, சாகும்வரை தச்சர் சங்கத்தின் தலைவராக இருந்தவர். அவருக்கு ஒரே மகன். அந்த மகன் வழி வாரிசுதான் புதுத்தேரில் முதல் உளி வைக்க வேண்டும் என்று சங்கம் முடிவு செய்தது.

முடிவு செய்வது சுலபம். வாரிசு நான்தான் என்று இரண்டு பேர் வந்து நின்றார்கள். ஒருத்தி செண்பகவல்லி. கதவு, நிலை செய்கிற பட்டறைக்காரி. பொம்பளை செய்த கதவு பூட்டுமா என்று கேலி பேசுகிற ஊர் அது. தேரில் முதல் உளி வைத்துவிட்டால் அந்த வாய்களையெல்லாம் அடைத்துவிடலாம் என்று அவள் மனசு துடித்தது. இன்னொருவர் பிளைவுட் கடை ஐயம்பெருமாள். உளியை விற்றிருக்கிறாரே தவிரப் பிடித்ததில்லை. இருவரின் பூட்டன்களில் ஒருவர்தான் சொர்ணலிங்கத்தின் அந்த ஒரே மகன் என்பதில் மட்டும் ஊருக்குச் சந்தேகமில்லை.

சங்கத்தின் பழைய பதிவேட்டை எடுத்தார்கள். தொழில் பழக வந்த பையனின் பெயரும் பட்டறையும்தான் அதில் இருந்தன, தகப்பன் பெயர் இல்லை. செண்பகவல்லியின் பூட்டன் தாணு, சொர்ணலிங்கத்தின் பட்டறையிலேயே சேர்ந்திருந்தார். ஐயம்பெருமாளின் பூட்டன் மயிலேறி சேர்ந்ததோ, சொர்ணலிங்கத்துக்கு ஜென்மப் பகையான பிரமநாயகத்தின் பட்டறையில்.

ஐயம்பெருமாள் சிரித்துக்கொண்டே எழுந்தார். "பகையாளி பட்டறைக்கு எவம்மா பிள்ளைய அனுப்புவான்? உளி உனக்குத்தான் தங்கச்சி. நல்லா வை."

செண்பகவல்லிக்குக் கால் தரையில் பாவவில்லை. ஆசையாசையாய் ஏட்டை முதல் பக்கத்திலிருந்து புரட்டினாள். அங்கே சங்கத்தின் கட்டுப்பாடு எழுதியிருந்தது. 'பெற்றவன் தன் பிள்ளைக்குத் தன் பட்டறையில் தொழில் பழக்கக் கூடாது, கண்டிக்க மனம் வராது. மீறினவனுக்குச் சங்கத்தில் இடமில்லை.'

அவள் முகம் சுண்டிப்போனது. அந்தப் பக்கத்தை வேறு யாரும் பார்க்கவில்லை. மூடிவைத்தால் கேட்பாரும் இல்லை.

"அண்ணாச்சி, கொஞ்சம் நில்லுங்க" என்று கூப்பிட்டு, எல்லார் காதிலும் விழும்படி அதைப் படித்தாள்.

இப்போது நீங்கள் சொல்லுங்கள். இந்த இருவரில் சொர்ணலிங்கத்தின் வாரிசு யார்? உளி யார் கைக்குப் போக வேண்டும்?

விடை: தாணு சொர்ணலிங்கத்திடமே தொழில் பழகியவர், ஆகவே மகனாக இருக்க முடியாது. சொர்ணலிங்கம் கட்டுப்பாட்டை மீறியிருந்தால் தலைவர் பதவி அவரிடம் தங்கியிருக்காது. மயிலேறிதான் மகன். பகையாளி தாட்சண்யம் பார்க்கமாட்டான், பையன் உருப்படுவான் என்று கணக்குப் போட்டே அனுப்பியிருக்கிறார் மனுஷர். உளி ஐயம்பெருமாளுக்குப் போனது. ஓங்கி அடித்தார். பாதி அடி மரத்தில், பாதி கட்டைவிரலில். விரலை உதறிக்கொண்டே உளியைச் செண்பகவல்லியிடம் நீட்டினார். "முதல் அடிக்குத்தானே வாரிசு கேட்டாங்க? மிச்சத் தேர நீ செய் தங்கச்சி." தடை சொல்ல வழியுண்டா என்று சங்கத்தார் ஏட்டைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார்கள். ஒன்றும் அகப்படவில்லை. தேரை அவள்தான் செய்துகொண்டிருக்கிறாள்.