கரடியின் உயரமான புகைபோக்கி

ஓடைக்கு மேற்கே, பாறைகள் நிறைந்த ஒரு காட்டில், கரடி ஒன்று சுண்ணாம்புக் கல்லை வேகவைக்கும் காளவாய் வைத்திருந்தது. குகைக்கு வெள்ளையடிக்க எல்லா விலங்குகளும் அதனிடம்தான் வரும். சுண்ணாம்பு என்னவோ வெள்ளைதான் பிள்ளைகளே. அதை வேகவைக்கிற புகைதான் கன்னங்கரேல்!

அந்தப் புகையில் கரடியின் ஒரே குட்டி கருப்பட்டிக்கு இழுப்பு வந்துவிட்டது. மூச்சு விடும்போதெல்லாம் நெஞ்சு கர்கர் என்று சத்தம் போட்டது. பயந்துபோன கரடி, ஓடைக்குக் கிழக்கே மலைமேல் இருந்த தன் அக்கா வீட்டில் குட்டியைக் கொண்டுபோய் விட்டது. பெற்ற மனம் அல்லவா? குட்டியைப் பார்க்காமல் அதற்கு ஒரு வாய் தேன்கூட இறங்கவில்லை.

பக்கத்து மரத்தில் கூடு கட்டியிருந்த தூக்கணாங்குருவிக்கு மனசு கேட்கவில்லை.

"அக்கா, உன் புகையை நான் வடிகட்டித் தருகிறேன். பிள்ளையை வீட்டுக்கே கூட்டி வந்துவிடலாம்" என்றது.

முதலில் புகையை நீண்ட மண்குழாய் வழியே விட்டுச் சூட்டைத் தணித்தது. பிறகு குழாயின் வாயில் நெருக்கமாகப் பின்னிய நார்ப்பை ஒன்றைக் கட்டியது. கரித்தூள் பைக்குள் தங்கிவிட்டது. காற்று மட்டும் வெளியே வந்தது.

"தினமும் சாயங்காலம் பையை உதறிவிடு, அக்கா. இல்லாவிட்டால் அடைத்துக்கொள்ளும். பத்து நாள் இப்படிப் புகையில்லாமல் இருந்தால் பிள்ளையைக் கூட்டி வரலாம்" என்று சொல்லிவிட்டுப் போனது குருவி.

நாலு நாள் உதறியது கரடி. ஐந்தாம் நாள் சோம்பல் வந்தது. பை அடைத்தது, தீ மந்தமானது, கல் வேகவில்லை.

அப்போது நரி வந்தது. வராமல் இருக்குமா?

"இதென்ன தினமும் உதறுகிற பிழைப்பு? பையைக் கழற்றி எறி. புகைபோக்கியைப் பனைமர உயரத்துக்குக் கட்டு. தீயும் நன்றாக எரியும், புகையும் மேலே போய்விடும்" என்றது.

கரடி அப்படியே செய்தது. அட, காளவாயைச் சுற்றி ஒரு பொட்டுப் புகை இல்லை!

"பார்த்தாயா?" என்று குருவியைக் கூப்பிட்டுக் காட்டியது.

"பூனை கண்ணை மூடிக்கொண்டால் பூலோகம் இருண்டுவிடுமா, அக்கா? புகை எங்கேதான் போகிறது? இப்போது ஆடிக் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறதென்று..."

"போதும்! உன் பையைக் கழற்றிய வயிற்றெரிச்சலில் பேசாதே" என்று குருவியை விரட்டியது கரடி.

பத்து நாள் கழித்து, கருப்பட்டியை அழைத்துவர ஒரு தேன்கூட்டோடு கிளம்பியது. ஓடையைத் தாண்டி மலை ஏற ஏற, இலைகளெல்லாம் கருத்துக் கிடந்தன. கரடிக்கே இருமல் வந்தது.

குகை வாசலில் அக்கா தலைவிரிகோலமாக உட்கார்ந்திருந்தது.

"தங்கச்சி, நல்லாத்தானே விளையாடிக்கொண்டிருந்தான்! எங்கிருந்தோ இந்தப் பாழாய்ப்போன புகை வந்தது. நானும் அவனைத் தூக்கிக்கொண்டு குகைகுகையாக ஓடினேன். எங்கே போனாலும் புகை. நேற்று மத்தியானம் மூச்சு நின்றுவிட்டது. எந்தப் பாவி மூட்டிய தீயோ!"

கரடி திரும்பி மேற்கே பார்த்தது. அதன் புகைபோக்கியிலிருந்து கிளம்பிய புகை நேராக மலையை நோக்கி வந்துகொண்டிருந்தது.

நீதி: அடக்காமல் விரட்டிய புகை, யாரோ ஒருவர் நெஞ்சில்தான் போய் இறங்கும்.